டிரெட்டா பஜாரில் விடியற்காலைச் சிற்றுண்டி

பிழைப்பின் நிமித்தம் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இட்லி, தோசை வேண்டுமானால் லேக் மார்க்கெட் பக்கம் போய்விடலாம். ஆனால் பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்கிறார்களே, அவர்களை எங்கே அழைத்துச் செல்வது?

நூடுல்ஸ் இந்நகரின் தெருமுனைதோறும் கிடைக்கும். தள்ளுவண்டியில், பெரிய இரும்புத் தோசைக்கல்லில் முட்டையும் வெங்காயமும் சேர்த்துக் கிளறிக் கொடுப்பார்கள். அதைச் ‘சௌமின்’ என்பார்கள். பசிக்கு அது போதும். எனினும், சீன மக்களே இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருந்து தங்கள் கையால் சமைத்து வந்த நகரம் இது. அப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்துகொண்டு அவர்கள் அடுப்பில் வெந்ததை ஒருமுறையேனும் உண்ணாமல் போவது இழப்பு என்றே சொல்லவேண்டும். அதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றுக்கு விடியற்காலையில் போகவேண்டும், மற்றொன்றுக்கு அவசரமில்லை.

முதலாவது டிரெட்டா பஜார். லால்பஜார் காவல் தலைமையகத்துக்கு அருகே, போத்தார் கோர்ட் என்னும் கட்டடத்தை ஒட்டியுள்ள பழைய சந்தைப் பகுதி அது. எட்வர்டோ டிரெட்டா என்ற இத்தாலியரின் பெயரால் வழங்குகிறது. காலை 6 மணி அளவில் அங்கே நடைபாதையில் அலுமினிய ஆவிச்சட்டிகள் வந்து இறங்கும். மூடியைத் திறந்தவுடன் எழும் ஆவியில் விற்பவரின் முகமே சற்று நேரம் மறைந்துவிடும். உள்ளே வெண்ணிறமாக உப்பிய ‘பாவோ’ அடுக்கப்பட்டிருக்கும். நம் கொழுக்கட்டையைப் போல ஆவியில் வெந்ததுதான்; ஆனால் மாவு புளிக்கவைத்த கோதுமை மாவு, பூரணம் பன்றி இறைச்சி அல்லது கோழி இறைச்சி. பக்கத்தில் ‘சியூ மாய்’ என்னும் சிறிய பூரண உருண்டைகள், ஒட்டரிசிச் சோறு, பன்றி இறைச்சித் தொத்திறைச்சி ஆகியவை இருக்கும். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒருமனதாய் விரும்புவது மீன் உருண்டை சூப். தெளிந்த சாற்றில் மிதக்கும் வெண்மையான மீன் உருண்டைகளின்மேல் கீரையோ வெங்காயத்தாளோ தூவித் தருவார்கள். காரம் இராது. மிளகாய்க்குப் பழகிய நம் நாவுக்கு முதல் வாயில் ஏமாற்றமாகத் தோன்றும். கிண்ணத்தின் பாதிக்கு வரும்போது அந்த எண்ணம் மாறிவிடும்.

பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. விற்பவர்கள் இந்தி, வங்காளம் இரண்டிலும் தெளிவாகச் சொல்லுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கடைகள் அதிகம். ஆராதனைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இது கடினமன்று; 6 மணிக்குப் போனால் 7 மணிக்குள் முடித்துவிடலாம். ஆனால் ஞாயிறு காலையில் மெட்ரோ ரயில் தாமதமாகவே ஓடத் தொடங்கும். ஆகவே பேருந்திலோ டாக்சியிலோதான் போகவேண்டும். நாங்கள் முதன்முறை மெட்ரோவை நம்பிச் சென்று, ஒன்பதரை மணிக்குச் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்தோம். அங்கே பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தெருக்களில் நம்மவர் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘ஸீ இப் சர்ச்’ என்றும் ‘தூங் ஆன் சர்ச்’ என்றும் பெயர் கொண்ட கட்டடங்களைக் கண்டு, சீனர்களின் திருச்சபை என்று நாங்களும் மகிழ்ந்துவிட்டோம். அவை சீனர்களின் கோயில்கள். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வழிபாட்டுத் தலம் என்ற பொருளில் சூட்டப்பட்ட பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. தூங் ஆன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் ஒரு காலத்தில் புகழ்பெற்ற நான்கிங் உணவகம் இருந்தது. சினிமா நட்சத்திரங்கள் வந்து உண்ட அந்த இடம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயின.

இவர்கள் இங்கே வந்த கதை நம் கதையைப் போன்றதே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், அச்சேவ் என்னும் சீனர் பட்ஜ்பட்ஜ் அருகே நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை வைத்தார். அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் என்றே அழைக்கப்படுகிறது. பின்வந்தவர்களில் கான்டன் பகுதியினர் தச்சு வேலை செய்தார்கள். ஹூபே மாகாணத்தார் பல் மருத்துவர் ஆனார்கள். ஹக்கா இனத்தார் செருப்புத் தைத்தார்கள், தோல் பதனிட்டார்கள். தோலைத் தொடுவது தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கியதால், அந்தத் தொழில் இவர்கள் கைக்கு வந்தது. நகரின் கிழக்கே டாங்கிராவின் சதுப்பு நிலத்தில் தோல் கிடங்குகள் எழுந்தது இவ்விதமே.

1962இல் சீனாவுடன் யுத்தம் மூண்டது. பல தலைமுறைகளாக இந்நாட்டில் வாழ்ந்தவர்களும், இங்கேயே பிறந்த குழந்தைகளும் ஒரே இரவில் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். அஸ்ஸாம், மேற்கு வங்காளம் முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 3000 பேர் ரயிலேற்றப்பட்டு, ராஜஸ்தானில் உள்ள தியோலி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள்மேல் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. சிலர் பல ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தார்கள். வந்து பார்த்தால் வீடும் கடையும் பிறர் கையில். டாங்கிராவில் பெய்ஜிங் உணவகத்தை நடத்திவரும் மோனிகா லியு, ஷில்லாங்கில் சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு அந்த முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவரே. அந்நிய மாநிலத்தில் வாடகை வீடு தேடி அலைந்திருக்கும் நமக்கு, அண்டை வீட்டாரின் பார்வை ஒரே நாளில் மாறுவது என்னவென்று ஓரளவு விளங்கும்.

அந்த டாங்கிராதான் இரண்டாவது இடம். கழிவுநீரால் உண்டாகும் கேட்டை முன்னிட்டு, தோல் பதனிடும் தொழிற்கூடங்களை அங்கிருந்து பந்தலாவுக்கு மாற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் உத்தரவிட்டது. தொழில் போயிற்று, மதில்களும் பெரிய கூடங்களும் நின்றன. உணவகங்கள் அதற்கு முன்பே தோன்றியிருந்தாலும், அதன்பின் பல தோல் கிடங்குகள் சாப்பாட்டுக் கூடங்களாக மாறின. சயன்ஸ் சிட்டியை ஒட்டிய பைபாஸ் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் உயர்ந்த மதில்களுக்கு நடுவே விளக்கெரியும் வாசல்களைக் காணலாம்.

இங்கே கிடைப்பது டிரெட்டா பஜாரின் சாதுவான உணவு அன்று. சில்லி சிக்கன், ஹக்கா நூடுல்ஸ், பொன்னிறமாய்ப் பொரித்த இறால் என்று, பச்சை மிளகாயும் பூண்டும் சோயா சாஸும் தாராளமாய்ச் சேர்ந்த சமையல். சீனக் கைப்பக்குவம் இந்திய நாவுக்கு இணங்கிப் பிறந்த பிள்ளை இது. நம்மூர்க் கல்யாண வரவேற்புகளில் இன்று கோபி மஞ்சூரியன் இல்லாத பந்தி அரிது. அதற்கு மூலமான சிக்கன் மஞ்சூரியனை 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் உருவாக்கினார் என்பர். அவரும் கொல்கத்தாவில் பிறந்த சீனரே. மஞ்சூரியாவில் இருப்பவர்களுக்கு இப்பண்டம் இன்னதென்று தெரியாது!

டாங்கிராவில் ஒரு தட்டின் அளவு பெரிது. நால்வர் போனால் இரண்டு நூடுல்ஸும் இரண்டு பதார்த்தங்களும் தாராளமாகப் போதும். பெரும்பாலான இடங்களில் மதுவும் பரிமாறப்படுவதால், பிள்ளைகளோடு செல்பவர்கள் இரவைத் தவிர்த்து மதியம் போவது உத்தமம். அப்போது கூட்டமும் குறைவு. அருகே சீனக் காளி கோயில் ஒன்று உண்டு. அங்கே நூடுல்ஸ் படைப்பார்கள் என்று கேள்விப்பட்டுச் சிலர் தயங்குகிறார்கள். உணவகத்தில் தட்டில் வருவது அந்தப் படையல் அன்று.

நகரின் நடுவே பழைய சீன உணவகங்கள் சில உண்டு. கணேஷ் சந்திர அவென்யூவில் உள்ள யூ சியூ அவற்றில் மிகப் பழமையான ஒன்று. நடுவில் புகைபோக்கி போன்ற குழாயுள்ள பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்க வரும் அவர்களுடைய சூப், மழைக்காலத்தில் குடும்பமாகப் பகிர்ந்து பருகத் தக்கது.

இவற்றையெல்லாம் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவோருக்கு ஒரு செய்தி. ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் வரை இருந்ததாகச் சொல்லப்படும் கொல்கத்தாச் சீனர்கள் இன்று சில ஆயிரம் பேரே. பிள்ளைகள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். டொராண்டோ நகரில் ‘ஹக்கா’ என்று பெயர்ப்பலகை வைத்துச் சில்லி சிக்கன் விற்கும் கடைகள் பல உண்டு. டிரெட்டா பஜாரிலோ சீனர் கடைகள் குறைந்து, அந்த இடத்தில் மற்றவர்கள் மோமோவும் பூரியும் விற்கிறார்கள். அவர்களும் பிழைக்க வந்தவர்களே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் மீன் உருண்டையைக் கையால் பிசைந்து செய்யத் தெரிந்த முதியவர் ஒருவர் வராமற்போனால், அந்த ஆவிச்சட்டி மீண்டும் அங்கே வருவதில்லை.

போகும்போது வீட்டிலிருந்து மூடியுள்ள தூக்குச்சட்டி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். சூப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்கள். டாக்சியில் அது சிந்தினால் சிரமம். சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் அங்கேயுள்ள போ சோங் கடையில் பச்சை மிளகாய்ச் சாஸ் ஒரு புட்டி வாங்கிக்கொண்டால், திங்கட்கிழமைப் பள்ளி டிபனுக்கு ஆகும்.