கரை சரிந்தால் பிழைக்கும் செடி

ஒட்டுண்ணி என்றதும் பள்ளியில் படித்த கஸ்குட்டாதான் பலருக்கு நினைவு வரும். இலை கிடையாது, முழுக்க அடுத்த செடியை உறிஞ்சியே பிழைக்கும். ஆனால் மாமரக் கிளையில் தொற்றியிருக்கும் புல்லுருவியைப் பாருங்கள், அதற்குப் பச்சை இலை உண்டு. சமையல் தன்னுடையது; தண்ணீரும் உப்புகளும் மரத்தின் செலவில். இதைத்தான் பகுதி ஒட்டுண்ணி என்கிறோம். சந்தன மரமும் இந்த ரகம்தான், வாங்குவது மட்டும் மண்ணுக்கடியில் வேர் வழியாக. அதனால்தான் சந்தனக் கன்றுக்குத் துணையாகத் துவரையை நடுகிறார்கள்.

இதே ரகத்தில் குளிர்ப் பிரதேசத்துக் காட்டுப்பூ ஒன்று இருக்கிறது. பெயர் ஃபர்பிஷ் லவுஸ்வர்ட். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலும் ஓடும் செயின்ட் ஜான் ஆற்றங்கரையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. மெய்னின் செடிகொடிகளைத் தேடித் தேடி வரைந்த கேட் ஃபர்பிஷ் என்ற பெண்மணி 1880-இல் அதைக் கண்டார். பெரணி இலை மாதிரி வெட்டுப்பட்ட இலைகள், தண்டின் உச்சியில் வெளிர் மஞ்சள் பூக்கள்.

இதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைத் தொட்டதும் சின்ன உறிஞ்சு வேர்களை உள்ளே செலுத்தும். ஆக, அண்டையில் செடி இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த அண்டைச் செடி புதராக வளர்ந்து வெயிலை மறைத்தாலோ, லவுஸ்வர்ட் நிழலில் நலிந்துவிடும். பக்கத்தில் ஆள் வேண்டும், ஆனால் ஓங்கி வளர்ந்த ஆள் கூடாது. இந்த நிபந்தனையை யார் நிறைவேற்றித் தருவது?

பனிக்கட்டி. குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஆறு, வசந்தத்தில் உடைந்து பாளம் பாளமாக நகரும். அந்தப் பாளங்கள் கரையைச் சுரண்டி, ஆல்டர் புதர்களையும் இளமரங்களையும் பெயர்த்துக்கொண்டு போகும். அங்கிருக்கும் லவுஸ்வர்ட்டும் சேர்ந்தே போகும். ஆனால் சுரண்டிய இடத்தில் சில ஆண்டுகளில் குட்டைச் செடிகள் தலைகாட்டும். வேறிடத்திலிருந்து வந்து சேரும் விதை அவற்றின் நடுவே முளைக்கும். பூக்கக் குறைந்தது மூன்று ஆண்டு ஆகும் என்பதால், வருஷா வருஷம் சுரண்டினால் அதற்கு அவகாசம் இல்லை. சுரண்டவே இல்லையென்றால் புதர் மூடிவிடும்.

இந்தச் செடி அழிந்தே போயிற்று என்று நம்பியிருந்தார்கள். இதே ஆற்றில் மின்சாரத்துக்காகக் கட்ட நினைத்த டிக்கி-லிங்கன் அணைத் திட்டத்துக்காக 1976-இல் கரையை ஆராய்ந்தபோது மறுபடி கண்ணில் பட்டது. 1978-இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஒரு களைக்காகவா மின்சாரத்தை விடுவது என்று கேலி செய்தவர்கள் உண்டு. செலவு, காடு மூழ்குவது என்று வேறு எதிர்ப்புகளும் சேர்ந்து, 1986-இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது.

அணை வந்திருந்தால் தேங்கும் நீர் சில கரைகளை மூழ்கடித்திருக்கும். அணைக்குக் கீழே, வெள்ளமும் பனிப்பாளமும் அடங்கி, மிச்சக் கரைகளைப் புதர் மூடியிருக்கும். ஆகவே, செடி இருக்கும் இடத்துக்கு வேலி போட்டால் மட்டும் அது காப்பாற்றப்படாது. இன்று அது நிற்கும் கரை நாளை சரியும். அடுத்துக் குடியேறப் போகும் கரையில் இன்று ஒரு செடிகூட இருக்காது. அந்த வெற்றுக் கரையையும் சேர்த்தே காக்க வேண்டியிருக்கிறது.