விளக்குத் திருவிழாவும் பூங்காவின் இரவும்

இலையுதிர்கால விழா, தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு என்று செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை சிங்கப்பூரில் ஏதாவது ஒரு பண்டிகையின் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். கடைத்தெருக்களில் மட்டுமல்ல, பூங்காக்களிலும்தான்.

ஜூரோங் ஏரித் தோட்டத்தில் உள்ள சீனத் தோட்டம் 1975ல் அமைக்கப்பட்டது. புதுப்பிக்கப்பட்டு 2024 செப்டம்பரில் மீண்டும் திறந்தது. இலையுதிர்கால விழாவையொட்டி அங்கு விளக்குக் காட்சி வைப்பது பல்லாண்டுப் பழக்கம். 1987ல் தொடங்கிய ‘ரிவர் ஹோங்பாவ்’ சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டம் 2021ல் கரையோரப் பூந்தோட்டங்களுக்கு இடம் மாறியது. அதைக் காண நுழைவுக் கட்டணம் இல்லை.

பூங்காவில் நடக்கும் விழாவுக்கு இதுவே பெரிய பலம். எதையும் வாங்க வேண்டியதில்லை. எந்த இனத்தவரும் தாத்தா பாட்டி, குழந்தைகளுடன் வந்து நடக்கலாம். பக்கத்து வீட்டாரின் பண்டிகையை நம் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆனால் அதே பூங்காவில் இரவைத் தங்கள் பொழுதாகக் கொண்ட உயிர்களும் வாழ்கின்றன. விழாக்காலத்தில் அவற்றைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை.

உலகின் ஒளி மாசு குறித்து 2016ல் வெளியான ஓர் ஆய்வு, சிங்கப்பூரை முதலிடத்தில் வைத்தது. இருட்டுக்கு நம் கண்கள் முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு இங்கு இரவு வானம் பிரகாசமாக இருப்பதாக அது கூறியது. அந்த வானத்தின்கீழ் பண்டிகை விளக்குகளும் சேர்கின்றன.

விளக்குகள் அதிகம் எரியும் இதே மாதங்களில்தான் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் இங்கு வருகின்றன. சிறு பறவைகள் பல இரவில் பறப்பவை. பிரகாசமான ஒளி அவற்றைத் திசைதிருப்பும். கட்டடங்களில் மோதி இறப்பதும் உண்டு. நீலச் சிறகுகொண்ட பிட்டா பறவை இப்படி அடிக்கடி பலியாகிறது.

மலேசியாவில் கோலா சிலாங்கூர் அருகே கம்போங் குவாந்தானுக்குச் சுற்றுப்பயணிகள் போவதே மின்மினிகளைப் பார்க்கத்தான். ஆற்றோர மரங்களில் ஆயிரக்கணக்கில் அவை மின்னுவது இணையைத் தேடும் பேச்சு. செயற்கை வெளிச்சம் கூடினால் அந்தப் பேச்சு மங்கிப்போகும்.

செடிகளுக்கும் இருள் தேவை. கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் சிவந்து நிற்கும் போயின்செட்டியா, நாள்தோறும் 12 மணி நேரத்துக்கும் மேல் இடைவிடாத இருளில் பல வாரங்கள் இருந்தால்தான் நிறம் மாறும். நடுவே விளக்கு பட்டால் அது தாமதமாகும். பண்டிகையின் சிவப்பே இருளில் உருவாவதுதான்!

அப்படியானால் விளக்குகளே வேண்டாமா? அப்படியில்லை. 2025ல் இலையுதிர்கால விழா அக்டோபர் 6ஆம் தேதி, தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி. முன்னது பௌர்ணமியில் வருவது, பின்னது அமாவாசையை ஒட்டி வருவது. நிலாவை ரசிக்கும் விழாவுக்கும் சரி, அகல் ஏற்றும் விழாவுக்கும் சரி, சுற்றிலும் இருள் இருந்தால்தான் அழகு.

செய்யக்கூடியவை எளியவை. விளக்குகளை வானத்தை நோக்காமல் கீழ்நோக்கி அமைக்கலாம். நீலம் கலந்த வெள்ளைக்குப் பதில் மஞ்சள் நிற ஒளியைப் பயன்படுத்தலாம். நீர்க்கரையையும் அடர்ந்த மரங்களையும் விட்டுவிட்டு, ஏற்கெனவே வெளிச்சம் உள்ள புல்வெளியில் காட்சிகளை வைக்கலாம். கூட்டம் கலைந்ததும் தானாக அணையும்படி நேரக்கருவி பொருத்தலாம்.

உங்கள் சமூக மன்றமோ பள்ளியோ அடுத்த விளக்கு விழாவுக்குத் தொண்டூழியர்களைத் தேடும்போது பெயர் கொடுங்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: “விளக்குகளை எத்தனை மணிக்கு அணைக்கப் போகிறோம்?” விளக்கேற்றும் நேரத்தை எல்லாரும் திட்டமிடுவார்கள். அணைக்கும் நேரத்தை நினைவூட்ட ஓர் இளையர் போதும்.