நிகழ்ச்சிப் புகைப்படத் தொழிலும் தகடு நகலெடுக்கும் கருவியும்

பள்ளி ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி, பட்டமளிப்பு விழா, திருமணம் முதலிய நிகழ்ச்சிகளில் எடுக்கப்பெறும் புகைப்படங்களைக் குறுந்தகட்டிலோ டி.வி.டி.யிலோ பதிந்து விற்பது, நமது நாட்டின் சிறு ஸ்டுடியோக்களுக்குப் பல ஆண்டுகள் வருவாய் தந்த தொழிலாகும். இன்று பென் டிரைவும் இணையவழி அனுப்புதலும் இதன் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன. ஆயினும் தகட்டை விரும்பிக் கேட்போர் இன்னும் உள்ளனர். இந்நிலையில் நகலெடுக்கும் கருவி வாங்க விழையும் இளைஞரும், அவரது கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலரும் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்?

ஒரே தகடா, வெவ்வேறு தகடா?

கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கணிப்பொறியுடன் இணைந்த ஒற்றை ரைட்டர். இரண்டாவது, 'டவர்' எனப்படும் அடுக்குக் கருவி. மூலத்தகட்டைப் படிக்கும் ஒரு டிரைவும், மூன்று, ஐந்து, ஏழு என ரைட்டர்களும் இதில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கும். இது கணிப்பொறியின் துணையின்றியே இயங்கும். மூன்றாவது, இயந்திரக் கையுடன் கூடிய தானியங்கிக் கருவி. இது தகட்டை எடுத்துப் பதிந்து, முகப்பையும் அச்சிட்டு அடுக்கிவிடும்.

இங்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ரைட்டர்கள் எத்தனை என்பதன்று. வாங்குவோர் அனைவருக்கும் ஒரே படத்தொகுப்பா, ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொகுப்பா என்பதேயாகும். அடுக்குக் கருவி ஒரு மூலத்தகட்டின் நகல்களையே தரும். ஒவ்வொரு பெற்றோருக்கும் அவரவர் குழந்தையின் படங்களை மட்டும் கொடுப்பதாயின், ஏழு ரைட்டர் கொண்ட அடுக்குக் கருவி அப்பணிக்கு உதவாது. தானியங்கிக் கருவி அதனைச் செய்யுமெனினும், அதன் விலை மிக அதிகம். சிறு ஸ்டுடியோவுக்கு, ஒரே கணிப்பொறியில் இரண்டு மூன்று ரைட்டர்களை இணைத்துக்கொள்வதே ஏற்ற வழி எனலாம்.

காலக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பள்ளி விழா ஒன்றில் 300 படங்கள் எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 5 மெகாபைட் அளவுடையதாயின், மொத்தம் 1,500 மெகாபைட் ஆகிறது. குறுந்தகட்டின் கொள்ளளவு 700 மெகாபைட்டே, ஆதலின் 4.7 கிகாபைட் கொண்ட டி.வி.டி. தேவை. பதிதல், சரிபார்த்தல், தகட்டை மாற்றுதல் ஆகியவற்றுக்கு ஒரு தகட்டுக்கு 6 நிமிடம் எனக் கொண்டால், 200 தகடுகளுக்கு ஒற்றை ரைட்டர் 1,200 நிமிடங்கள், அதாவது 20 மணி நேரம் எடுக்கும். ஏழு ரைட்டர் கொண்ட அடுக்குக் கருவியில் 29 சுற்றுகள் போதும். சுற்றுக்கு 8 நிமிடம் என வைத்துக்கொண்டாலும் நான்கு மணி நேரத்திற்குள் பணி முடிந்துவிடும்.

முகப்பை அச்சிடத் தகடு ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஆனாலும், 200 நிமிடங்கள் தேவை. பள்ளியின் பெயரையும் நாளையும் விழாவுக்கு முன்பே அச்சிட்டு வைத்தால் இத்தாமதம் நீங்கும். காகிதச் சீட்டை ஒட்டுவது நன்றன்று. சமனின்றி ஒட்டப்பட்ட சீட்டு, சுழற்சியின்போது தகட்டை அதிரச் செய்யும். மைதெளி முறையில் அச்சிடத்தக்க தகடுகளே ஏற்றவை.

சரிபார்த்தல் காலத்தைக் கூட்டுமெனினும் அதனைத் தவிர்த்தல் கூடாது. பழுதான ஒரு தகடு திரும்பி வந்தால், மிச்சப்படுத்திய நேரத்தைவிட இழந்த நம்பிக்கையே பெரிதாகும். பதியும் தகட்டிலுள்ள சாயப்படலம் வெப்பத்தாலும் வெயிலாலும் கெடும் தன்மையுடையது. ஆகவே, மூலப்படங்களை வன்தட்டில் தனியே காத்து வைப்பது இன்றியமையாதது.

உரிமையும் சந்தையும்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, பொதுவாக, ஒருவர் கட்டணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் செய்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர், மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, அவரேயாவார். பள்ளி கட்டணம் கொடுத்து எடுக்கச் செய்த படங்களை ஸ்டுடியோ பிறருக்கு விற்க வேண்டுமாயின், எழுத்து மூலமான ஒப்பந்தத்தை முன்னதாகவே செய்துகொள்ளுதல் நலம்.

சந்தையின் போக்கையும் மறத்தலாகாது. இந்தியாவில் தகடு உற்பத்தியில் முன்னணியில் நின்ற மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் ஆணையிடப்பட்டது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தகடு படிக்கும் டிரைவே இல்லை. எனவே, பல ஆண்டுத் தவணையில் கடன்பட்டு விலையுயர்ந்த கருவி வாங்குவது இடர் மிகுந்தது. 2015-இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் முத்ரா திட்டத்தில், ரூ.50,000 வரையிலான கடன் 'சிசு' என்னும் பிரிவில் அடங்கும். அத்தகைய சிறு கடனை நாடுவோரும், கையில் உறுதியாக உள்ள பணிகளின் வருவாயிலிருந்தே அதனைத் திருப்பிச் செலுத்த இயலுமா என்று முதலில் கணக்கிட வேண்டும்.

ஆண்டுக்கு எத்தனை நிகழ்ச்சிகள், நிகழ்ச்சிக்கு எத்தனை தகடுகள், எத்தனை நாட்களில் அவற்றைக் கொடுக்க வேண்டும் என்னும் மூன்று விவரங்களை விண்ணப்பதாரர் ஒரு தாளில் எழுதித் தரட்டும். விடை சிறு எண்ணாயின், பழைய ரைட்டரே போதும். மீதமாகும் பணத்தை நல்ல லென்சுக்கோ, படங்களைக் காக்கும் வன்தட்டுக்கோ செலவிடலாம். தகடு வழக்கொழிந்த பின்னரும் அவை பயன் தரும்.