பல்லுக்கு கம்பி கட்ட போறீங்களா? 3டி ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை!

எத்துப்பல்லை உள்ளே தள்ள கம்பி கட்டுவது இப்போது சின்ன ஊர்களிலும் சகஜமாகி விட்டது. ஆனா சில பேருக்கு கம்பி மட்டும் போதாது. மேல் அண்ணத்து எலும்பில் குட்டி ஸ்குரூ ஒன்றை டாக்டர்கள் பொருத்துகிறார்கள். கரையில் முளை அடித்து படகை கட்டுவது போலத்தான். ஸ்குரூ அசையாமல் நின்றால்தான் பல்லை இழுக்க முடியும்.

சிக்கல் என்னவென்றால், அந்த எலும்புக்கு மேலே மூக்கு இருக்கிறது. எலும்பு மெலிசாக இருந்தால் ஸ்குரூ ஆடிப்போய் கழன்று விடும். ஆழமாக போனால் மூக்குக்குள் எட்டிப் பார்க்கும். முன்பல் வேரில் இடிக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் முதலில் எலும்பை அளக்கிறார்கள்.

இதற்கு பழைய ஆயுதம், முகத்தை பக்கவாட்டில் எடுக்கும் செபலோகிராம் எக்ஸ்ரே. 1931-ல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும், ஜெர்மனியில் ஹோப்ராத்தும் தனித்தனியாக கொண்டு வந்தது. கம்பி கட்டும் முன் பெரும்பாலும் எப்படியும் இதை எடுத்து விடுவார்கள். செலவும் குறைவு. குறை என்ன? இடது, வலது எலும்பு இரண்டும் ஒரே நிழலாக விழும். படம் கொஞ்சம் பெரிதாகவும் தெரியும். எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் என்று பிரித்து சொல்ல முடியாது. தாடை முழுக்க தெரியும் ஓ.பி.ஜி. படம் இந்த அளவுக்கு உதவவே உதவாது.

அடுத்தது சி.பி.சி.டி. என்கிற 3டி ஸ்கேன். மெஷின் தலையை சுற்றி வரும், சில நொடிகளில் வேலை முடியும். அண்ணத்தை எந்த இடத்திலும் குறுக்கே வெட்டிப் பார்ப்பது போல கம்ப்யூட்டரில் அளக்கலாம். பொதுவாக அண்ணத்தின் முன்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி எலும்பு தடிமனாக இருக்கும். பின்னால், ஓரமாக போகப் போக மெலிந்து விடும். ஆனா ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம்.

அப்படியானால் எல்லாருக்கும் 3டி எடுத்து விடலாமே? அங்கேதான் கதிர்வீச்சு கணக்கு வருகிறது. செபலோகிராமில் பொதுவாக 10 மைக்ரோ சீவர்ட்டுக்கு கீழே. சி.பி.சி.டி.யில் மெஷினையும், எடுக்கும் பரப்பையும் பொறுத்து பத்துகளில் இருந்து சில நூறு வரை போகும். சும்மா இருந்தாலே இயற்கையில் இருந்து வருஷத்துக்கு சராசரியாக 2,400 மைக்ரோ சீவர்ட் நம் மேல் படுகிறது. அதனால் பயந்து ஓட வேண்டாம். ஆனா கம்பி கட்டுவது பெரும்பாலும் வளரும் பிள்ளைகள். அவர்கள் உடம்புக்கு கதிர்வீச்சு ஆகாது.

முன்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி ஸ்குரூ போட சாதா எக்ஸ்ரேயே பல பேருக்கு போதும். அதில் எலும்பு மெலிசாக தெரிந்தாலோ, உதட்டு பிளவு இருந்தாலோ, பல் எலும்புக்குள் புதைந்து கிடந்தாலோ 3டி கேட்பது நியாயம்தான்.

டாக்டர் 3டி எழுதிக் கொடுத்தால், "சாதா எக்ஸ்ரேயில் எது தெரியலை சார்?" என்று தாராளமாக கேளுங்கள். மேல் அண்ணம் மட்டும் போதுமென்றால் சின்ன பரப்பில் எடுக்கச் சொல்லலாம். ஸ்கேன் சென்டருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் இருக்க வேண்டும். ஸ்கேனை சி.டி.யிலோ பென் டிரைவிலோ வாங்கி வையுங்கள். வேறு டாக்டரிடம் போனால் திரும்ப எடுக்க வேண்டி வராது.