வானர வீரனின் முகம் சிவப்பா, கறுப்பா?

நத்தையின் பெயரைத் தாங்கிய ஊர் சுங்கை சிப்புட். ஆயினும், அதன் சுற்றுப்புறக் காட்டோரங்களில் கண்ணைக் கவர்வது நத்தையன்று, குரங்கே. மலாய்க்காரர் அதை வகை பிரித்தே பேசுவர். கீழே இறங்கிக் கிடைத்ததைத் திருடித் தின்பது ‘கெரா’. மர உச்சியில் இலை தின்று வாழும் கருஞ்சாம்பல் நிற நீள்வாலி ‘லோத்தோங்’. தமிழர்க்கும் இப்பாகுபாடு புதிதன்று. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்று பெயர்களைத் தனித்தனியே கூறுகிறது. முசுவின் கருமுகத்தைச் சங்கப் புலவர் நன்கறிவர்.

அனுமனைப் படைத்த கற்பனை இவற்றுள் எதைக் கண்டு எழுந்தது? இந்தியாவில் கருமுகக் குரங்கையே அனுமன் குரங்கு என்பர். இலங்கையை எரித்த தீயில் முகமும் கையும் கருகின என்பது மக்கள் வழங்கும் கதை. ஆனால் வான்மீகியின் சுந்தர காண்டத்தில், கடல் தாண்டும் அனுமனின் முகம் செம்பு நிறத்தது. அது செம்முகக் குரங்கிற்கே பொருந்தும். நெடிய வாலும் பெரும் பாய்ச்சலுமோ முசுவை நினைவூட்டுகின்றன. ஒரு விலங்கைப் படியெடுத்தல் அன்று, பலவற்றின் ஆற்றலைத் திரட்டுதலே புலவன் செயல் எனக் கொள்வதே பொருத்தம்.

படைக்கலத்திலும் இந்நுட்பம் உண்டு. வானரர் வில்லேந்துவதில்லை. மரம், பாறை, நகம், பல் இவையே அவர்தம் கருவிகள். அசோக வனத்துப் போரில் அனுமன் பற்றியதும் வாயிலில் இருந்த இரும்புத் தடியே. குரங்கின் கைக்கு எது இயலுமோ அதையே கவி கொடுத்தார். இன்று கணினி விளையாட்டுக்குப் படம் வரையும் நம் இளைஞர் சிலர், மற்போர் வீரன் உடலின் மேல் குரங்குத் தலையைப் பொருத்திவிட்டு நின்றுவிடுகின்றனர். பின்னங்கால்கள் முன்னங்கால்களினும் நீண்டிருப்பதாலன்றோ அது அவ்வாறு பாய்கிறது!

கிளந்தான் நிழற்கூத்தும் சீயத்தின் முகமூடிக் கூத்தும் அனுமனை வெண்குரங்காக்கின. மேலைநாட்டாரும் இவ்விலங்கில் வீரனைக் கண்டனர். 1797இல் கருமுகக் குரங்கிற்குப் பெயரிட்ட துப்ரேன், ‘எந்தெல்லஸ்’ என்றார். அது வெர்ஜிலின் காவியத்தில் வரும் முதிய குத்துச்சண்டை வீரனின் பெயர். தமிழகத்து முசுவோ டிராய் மன்னன் பிரியாமின் பெயரைச் சுமக்கிறது.

வண்ணம் பற்றி ஐயுறும் ஓவியர் லோத்தோங்கின் குட்டியைப் பார்க்கலாம். பிறக்கும்போது அது பொன்னிறம். சில திங்களில் தாயைப் போல் கருத்துவிடும்.