மேனர் முறையின் தோற்றம்

இடைக்கால ஐரோப்பாவின் அரசியல் அமைப்பாக நிலப்பிரபுத்துவம் விளங்கியது. அதனைத் தாங்கி நின்ற பொருளாதார அடித்தளமே மேனர் எனப்பட்ட பண்ணை அமைப்பாகும். பிரபுவின் மாளிகை, உழவர் குடிசைகள், தேவாலயம், மாவு ஆலை, விளைநிலம், மேய்ச்சல் நிலம், காடு ஆகியன ஒரு மேனரில் அடங்கியிருந்தன. இம்முறை எந்த அரசராலும் திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று; பல நூற்றாண்டுகளில் படிப்படியாக உருப்பெற்றதாகும்.

ரோமானிய வேர்கள்

ரோமானியப் பேரரசின் ‘வில்லா’ எனப்பட்ட பெரும்பண்ணைகள் பலவற்றில் அடிமைகள் உழைத்தனர். காலப்போக்கில் பண்ணையாளர்கள் தம் நிலத்தைப் பிரித்துக் ‘கொலோனி’ எனும் குத்தகை உழவர்களிடம் ஒப்படைத்தனர். உழவர்கள் நிலத்தைவிட்டு நீங்கினால் வரி வருவாய் குறையும் எனப் பேரரசு அஞ்சியது. எனவே, தப்பியோடிய கொலோனிகளை அவர்தம் பண்ணைக்கே திருப்பி அனுப்பவும், தப்ப முயல்வோரை விலங்கிடவும் பொ.ஆ. 332இல் கான்ஸ்டன்டைன் சட்டம் இயற்றினார். உழவர் நிலத்தோடு பிணைக்கப்பட்டது இவ்வாறேயாகும்.

பாதுகாப்பிற்கு ஈடான விடுதலை

பொ.ஆ. 476இல் மேற்கு ரோமானியப் பேரரசு வீழ்ந்தது. நகரங்களும் வணிகமும் நலிவுற்றன, நாணயப் புழக்கம் குறைந்தது, நிலமே செல்வமாயிற்று. பஞ்சத்திற்கும் கொள்ளைக்கும் அஞ்சிய சிறு உழவர்கள் பலர், தம் நிலத்தை வலியவரிடம் ஒப்படைத்து, அதனையே குத்தகையாகத் திரும்பப் பெற்றனர். மறுபுறம், அடிமைகளுக்குக் குடிசையும் சிறுநிலமும் வழங்கப்பட்டன. உரிமை இழந்த உழவரும் ஓரளவு உயர்வு பெற்ற அடிமையும் ஒரே நிலையை அடைந்தனர். அவர்களே பண்ணையடிமைகள் ஆவர்.

பாரிசு நகரையடுத்த புனித ஜெர்மைன் மடத்தின் தலைவர் இர்மினான், ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடத்து நிலங்களையும் உழவர்களையும் பதிவுசெய்தார். அவ்வுழவர்களுள் பெரும்பாலோர் ‘கொலோனி’ என்றே குறிக்கப்பட்டுள்ளனர். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் ரோமானியப் பெயர் நிலைத்திருந்தது. அந்நூற்றாண்டில் வைக்கிங்குகளின் படையெடுப்புகள் பெருகின. 845இல் பாரிசு நகரமே சூறையாடப்பட்டது. அரசரின் படை வந்து சேர்வதற்குள் ஊர் அழிந்துவிடும் நிலையில், அருகிலிருந்த பிரபுவே மக்களின் புகலிடமானார்.

கடமைகளும் உரிமைகளும்

பண்ணையடிமை வாரத்தில் சில நாள்கள் பிரபுவின் சொந்த நிலத்தில் ஊதியமின்றி உழைத்தார். பிரபுவின் ஆலையில் மாவரைக்கக் கட்டணம் செலுத்தினார். அனுமதியின்றி அவர் ஊரைவிட்டு நீங்க இயலாது. எனினும், அவர் பயிரிட்ட நிலம் வழக்கமாக அவர் மக்களைச் சென்றடைந்தது. அடிமைக்கு இல்லாத இவ்வுறுதியே அவரை அடிமையினின்று வேறுபடுத்தியது.

அச்சம் நிறைந்த காலத்தில் உழவர் பாதுகாப்பை நாடினர். அதற்கு விலையாகத் தம் விடுதலையை அளித்தனர். அச்சம் தணிந்த பின்னரும் அவ்விலை தலைமுறைதோறும் பெறப்பட்டது. அதனை எதிர்த்து 1381இல் இங்கிலாந்தின் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர்.