கம்பி போட்டா ஏன் இன்னும் கோணுது?



யாருடைய முகமும் இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி இருக்காது. கண்ணாடி பார்த்தால் தெரியும். ஆனால் சிலருக்குத் தாடையே ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேராது, முறுக்கு கடிக்க முடியாது. அவர்களுக்கு நாம் வைக்கிற பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

இது பிறவியிலேயும் வரலாம், ஒரு பக்க எலும்பு கூடுதலாக வளர்ந்தும் வரலாம். இன்னொரு காரணம் விழுவது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், ஒன்று அசையும். அதுதான் தாடை மூட்டு. சின்ன வயதில் முகவாய் இடிக்க விழுந்தால் அடி அங்கேதான் போய் இறங்கும். பிறகு அந்தப் பக்கம் வளர்ச்சி குறைந்துவிட்டால், முகவாய் அடிபட்ட பக்கமாகவே திரும்பிவிடும்.

என் பெரியம்மா மகள் ஆறு வயதில் கிணற்றுத் திட்டிலிருந்து விழுந்தது. தையல் போட்டார்கள், மூட்டை யாரும் பார்க்கவில்லை. இப்போது அக்காவுக்கு 18 வயது. பல்லுக்குக் கம்பி போட்டு எட்டு மாதமாகிறது. "முன்னைக்கு இப்பத்தான் ரொம்பக் கோணுது, கழட்டிப்புடு"ன்னு அவங்க அப்பத்தா தினமும் சொல்லுது. அக்காவும் கழட்டிடலாமான்னு நினைக்குது. அதனால்தான் டாக்டரிடம் கேட்டு இதை எழுதுகிறேன்.

தாடை கோணினால் பல் சும்மா இருக்காது. எதிர்ப்பல்லைத் தொடுவதற்காகச் சாய்ந்து சாய்ந்து நிற்கும். சாய்ந்த பந்தலுக்கு முட்டுக்கம்பு கொடுத்த மாதிரி. பந்தலை நிமிர்த்த முதலில் கம்பை எடுக்க வேண்டும், அப்போது பந்தல் இன்னும் சாயும். கம்பியும் அதைத்தான் செய்கிறது. பல்லை அதனதன் எலும்பில் நேராக நிறுத்துகிறது, அதனால் மறைந்திருந்த கோணல் முழுசாக வெளியே தெரிகிறது. இதற்கே ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகலாம். பல்லை நேராக்காமல் தாடையை நகர்த்தினால் இரண்டு தாடையும் பொருந்தி உட்காராது.

அப்புறம் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்து, பெரும்பாலும் வாய்க்கு உள்ளேயே கீறுவதால் முகத்தில் தழும்பு தெரியாது. கீழ்த்தாடையை மூங்கிலைப் பிளப்பது போல நீளவாக்கில் பிளந்து நகர்த்துகிறார்கள். நகர்த்தின பிறகும் எலும்பு எலும்போடு ஒட்டியிருப்பதால் நன்றாகக் கூடிவிடும். 1950-களில் இதைக் கொண்டுவந்தவர் ஹூகோ ஒப்வெகேசர். மேல்தாடையும் சாய்ந்திருந்தால் அதையும் வெட்டிச் சரிசெய்வார்கள். டைட்டானியம் தகடும் திருகும் வைத்து இறுக்குகிறார்கள்.

பிறகு சில வாரம் கஞ்சி, கூழ், குழைந்த சோறுதான். முகம் வீங்கும். கீழுதடு மரத்துப்போகும். பலருக்கு மெல்ல உணர்ச்சி திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிற்கும். கம்பியும் இன்னும் சில மாதம் இருக்கும். எலும்பு வளர்ந்து முடிவதற்கு முன் செய்தால் மறுபடி கோணலாம் என்பதால் பெரும்பாலும் 17, 18 வயது வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.

விசாரிக்கச் சென்னை வரை போக வேண்டியதில்லை. நம் புதுக்கோட்டையிலேயே 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் முகவாயில் அடிபட்ட தம்பி தங்கச்சி இருந்தால் வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். அவர்களுடைய மூன்று விரல் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே போக வேண்டும். போகாவிட்டாலோ, திறக்கும்போது தாடை ஒரு பக்கம் இழுத்தாலோ, தையலோடு விடாமல் தாடை மூட்டையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி